திரைக்கு அந்தப் பக்கம் இருமல்

ஏழைப் பொண்ணு, கர்வம் பிடிச்ச துறைத்தலைவர்னு ஆரம்பிச்சா, அவ பதிலைக் கேட்டு அவர் திருந்திட்டார்னு முடிப்பேன்னுதானே உக்காந்திருக்கீங்க? திருந்தற ஆளுக்கு எதுக்குய்யா கதை.

துறைத்தலைவர் அரங்கண்ணல் பல்கலைக்கழக நேர்முகத் தேர்வுல நடுவுல ஒரு திரையைக் கட்டிட்டார். "மூஞ்சி தெரியாது, பேர் தெரியாது. இதைவிட நியாயம் உண்டா?"ன்னு வெளியூர்ப் பேராசிரியருங்ககிட்ட பெருமை வேற. மிச்சம் இருந்தது ஒரே சீட்டு.

வெளிய வரிசையில பூங்கோதை, போன வருஷமும் சீட்டு கிடைக்காதவ. முன்னால நின்ன பையன் விடாம இருமறான். பாவம்னு ஒரு இருமல் மிட்டாயை நீட்டினா.

"வேணாங்க்கா, இருமல் போனா சீட்டும் போயிடும். துறைத்தலைவர் எங்க பெரியப்பா. ரெண்டு தடவை இருமு, நீதான்னு தெரிஞ்சுக்கறேன்னார்."

அவளுக்கு எரிச்சலா வந்துது. மிட்டாயைத் தன் வாயில போட்டுக்கிட்டு, வரிசையில இருந்த அத்தனை பேர் காதுலயும் ஓதிட்டா.

உள்ள போனவங்க எல்லாரும் ரெண்டு தடவை இருமறாங்க. அரங்கண்ணலுக்கு வேர்த்துக் கொட்டுது. கடைசியா பூங்கோதை, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு அவளும் இருமினா.

"உனக்குமா இருமல்?"னு கத்தினார்.

"இருமல் இல்லீங்கய்யா, தகுதி."

பேராசிரியருங்க அவரையே பார்த்தாங்க. அவர் திரையைத் தள்ளிட்டு வராந்தாவுக்கு ஓடினார். "யாருய்யா எல்லாரையும் இருமச் சொன்னது?"

பெஞ்சுல இருந்த அவர் தம்பி எழுந்தார்.

"அதைத்தாண்ணே நானும் கேக்கறேன். இருமல் எம்புள்ளைக்கு மட்டும்னுதானே சொன்னீங்க?"