பண்ணையின் பெயர்

வெஸ்ட்ஃபாலியா நாட்டில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே குடும்பப் பெயர் ஆளோடு போகாது, பண்ணையோடுதான் ஒட்டியிருக்கும். மருமகனாக வருகிறவன் தன் பெயரை வாசலில் விட்டுவிட்டு, பண்ணையின் பெயரை வைத்துக்கொள்வான்.

இந்த வழக்கத்தை நினைத்தாலே டீட்ரிக் பிரிங்க்மனுக்கு வயிறு எரியும். பண்ணை கடைசிப் பிள்ளையான தங்கை கிரேட்டேவுக்குப் போனது. அவளைக் கட்டிக்கொண்டவன் யோஸ்ட். அதே பண்ணையில் பன்றி மேய்த்தவன், ஒரே நாளில் பிரிங்க்மன் ஆகிவிட்டான்.

அன்று வீட்டை விட்டு வந்தவன்தான் டீட்ரிக். ஏழு வருஷமாகப் போதகருக்குச் சீடன். வேதம் படித்தான், தேவாலயப் பதிவேடு எழுதினான். கோபம் மட்டும் ஆறவில்லை.

அந்த மார்கழியில் யோஸ்டின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பதிவேட்டில் தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் டீட்ரிக்கின் கை நின்றது. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"முடியாது ஐயா. என் பெயரை என் கையாலேயே இவனுக்கு எழுதிக் கொடுக்கவா?"

வாசலில் பிள்ளையை ஏந்திய கிரேட்டேயோடு நின்ற யோஸ்ட் சிரித்தான். "எழுத்து மறந்துபோச்சா மச்சான்?"

"கேட்டீர்களா ஐயா! வந்தேறிக்கு வாயைப் பாருங்கள்!"

"சரி, எழுத வேண்டாம்" என்றார் போதகர். "ஆனால் நியாயம் எல்லோருக்கும் ஒன்று. பழைய பக்கங்களிலும் வந்தேறிகளை அடித்துவிடு."

டீட்ரிக் பரபரவென்று புரட்டினான். பிரிங்க்மன், பிரிங்மான், பிரிங்கெமன் என்று எழுதியவர் காதில் விழுந்தபடியெல்லாம் பெயர் மாறிக்கொண்டே போனது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வரியை அடிக்க இறகுப் பேனாவை வைத்தான். அப்படியே நின்றான்.

'ஹின்ரிக் பிரிங்கெமன். நெசவாளி தோன்ஸின் மகன். பண்ணை மகளை மணந்து வந்தவன்.'

ஹின்ரிக் அவனுடைய தாத்தா. அவனுக்கு ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இந்தச் சேதியை வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. வாரந்தவறாமல் அவர் கல்லறையில் களை பிடுங்குகிறவன் அவன்தான்.

"அடி" என்றார் போதகர்.

"இவர் என் தாத்தா, ஐயா."

"வந்தவர்தானே?"

டீட்ரிக் பேனாவைக் கீழே வைத்தான்.

"அப்படியானால் நான் யார்?"

வாசலில் பிள்ளை வீறிட்டது. "அண்ணா..." என்றாள் கிரேட்டே. ஏழு வருஷத்தில் அவள் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போதகர் மைக்கூட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இப்போதைக்கு, குளிரில் அழுகிற ஒரு பிள்ளைக்குத் தாய்மாமன். எழுது."