சந்தனக் கிண்ணத்தில் சிமெண்ட்

சித்தாள் பூவாத்தாவுக்கு இரண்டு கையும் வெடித்து நீர் வடிந்தது. நேரே காண்ட்ராக்டர் தண்டபாணி முன்னால் போய் நின்றாள்.

"சிமெண்டுல குரோமியம்னு ஒண்ணு இருக்குதாமுங்க. ஒருக்கா ஒத்துக்காமப் போச்சுன்னா, அப்புறம் தொட்டாலே புண்ணாகும்னு தோல் டாக்டர் சொன்னாருங்க. எங்க எல்லாத்துக்கும் ரப்பர் கிளவுஸ் வேணுமுங்க."

தண்டபாணி மீசையைத் தடவினார். "சிமெண்ட் சந்தனமாட்டம், ஒண்ணும் பண்ணாது! பண்ணும்னு நாளைக்குள்ள நிரூபி. இல்லாட்டி வேலைக்கு வராதே."

மறுநாள் தளம் போடுகிற பூஜை. வீடு கட்டும் வீட்டுக்காரர், அவர் சொந்தபந்தம், இருபது வேலையாட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கலவை தயார். முதல் சட்டி ஏறுமுன் எல்லாருக்கும் சந்தனம் கொடுப்பது வழக்கம். பூவாத்தா தண்டபாணியிடம் கிண்ணத்தை நீட்டினாள். உள்ளே குழைத்த சிமெண்ட்!

"நல்லாப் பூசிக்கங்க. நேத்து நீங்க சொன்ன சந்தனந்தானுங்க."

தண்டபாணி துள்ளிப் பின்னால் போனார். "அடியே, கை புண்ணாயிரும்! தூரக் கொண்டு போ!"

வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிரூபிக்கச் சொன்னீங்க. நீங்களே நிரூபிச்சுட்டீங்க" என்று பூவாத்தா தரையில் உட்கார்ந்தாள். இருபது பேரும் சட்டியைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கலவை இறுகுமுன் கிளவுஸ் வந்து சேர்ந்தது.