பத்தொன்பதாம் வளைவில் மூடும் கண்ணாடி

"துடைக்கத் துடைக்க மூடுது அம்மணி," என்றார் நாச்சிமுத்து. "இந்த முன் கண்ணாடியைத் தெளிய வச்சுக் குடு. இல்லைன்னா வேனை வித்துட்டுக் கீழ ஊரைப் பார்த்துப் போயிடறேன்."

வசந்தமணி வேனைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் வசந்தமணியைத் தெரியும். ஹீட்டர் வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. அவளைவிடப் பத்து இருபது வயது மூத்த டிரைவர்கள்கூட அவள் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவளிடம் போனால் வண்டி சரியாகிவிடும், மனுசன்தான் கொஞ்சம் கலங்கித் திரும்புவான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. நான் விசாரித்தவரை அது பொய்யில்லை.

"இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?"

"பீடித் தூளைத் தேய்ச்சேன். ஷாம்பு தேய்ச்சேன். காத்து ஊதற புளோயர் மோட்டாரைப் புதுசா மாத்தினேன். எலுமிச்சம்பழம் கட்டினேன்."

"பழம் எதுக்குங்ணா?"

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"பத்தொன்பதாம் வளைவுல வந்துதான் நல்லா மூடுது. அந்த மூட்டத்துக்குள்ள ஒரு பொம்பளை நிக்கறா. கையை நீட்டிட்டு. துடைச்சுப் பார்த்தா ஆளைக் காணோம்."

"துடைச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி எங்க போயிருக்கும்?"

"வளைவைத் தாண்டியிருக்கும்."

"ஏறுங்க," என்றாள் வசந்தமணி.

இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். ஜன்னல்களை ஏற்றினாள். என்ஜினைப் போட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"மூச்சைப் பிடிங்க."

பிடித்தார். அவளும் பிடித்தாள்.

கண்ணாடி தெளிவாக இருந்தது. பட்டறைச் சுவர் தெரிந்தது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது.

பிறகு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று ஏறியது. மெதுவாக ஏறியது. காலண்டர் மறைந்தது.

நாச்சிமுத்து கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"நாம ரெண்டு பேரும் மூச்சு விடலை," என்றார் திணறிக்கொண்டு. "அப்ப ஆரு விடறது?"

வசந்தமணி குனிந்து காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். அடியில் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது. விரலால் தொட்டு அவர் மூக்கருகே நீட்டினாள். தித்திப்பாக ஒரு வாடை.

"கூலண்ட், என்ஜினைக் குளுத்தற தண்ணி. ஹீட்டர் காயில் ஒழுகுது. இது வண்டி விடற மூச்சு."

நாச்சிமுத்து சிரித்தார். எத்தனை நாளைக்கு அப்புறமோ, வாய்விட்டுச் சிரித்தார்.

"இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டேன் போ!"

அவள் சிரிக்கவில்லை. இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தாள். கண்ணாடிக்குக் கீழே காற்று போகிற துவாரத்துக்குள் கையை விட்டு இழுத்தாள். மஞ்சள் துணி ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிச்சில் திருநீறும் காய்ந்த வேப்பிலையும் இருந்தன.

"வெளிக்காத்து வர்ற வழிங்ணா இது. இதை அடைச்சுட்டா உள்ள இருக்கற ஈரம் எங்க போகும்?"

"வெளிய இருந்து எதுவும் உள்ள வந்துடக் கூடாதுன்னுதான்..."

"என்னைக்கு அடைச்சீங்க?"

"மூணு வாரம் ஆச்சு. காட்டெருமை முட்டி ஒரு பொம்பளை செத்தாளே, அதுக்கு மறுநாள்."

அந்தச் சாவு மலை முழுக்கத் தெரிந்ததுதான். தேயிலை பறிக்கிறவள். சாயங்கால மழையில் வண்டிக்காகப் பத்தொன்பதாம் வளைவில் நின்றிருக்கிறாள். கடைசியாகப் போனது நாச்சிமுத்துவின் வேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம், "கண்ணாடி பூரா மூட்டமுங்க, ஆள் நின்னதே எனக்குத் தெரியலை" என்று சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அந்த மழைக்கு யார்தான் நம்ப மாட்டார்கள்?

வசந்தமணி மஞ்சள் துணியை அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்குக் கண்ணாடி எப்படி இருந்துச்சுங்ணா?"

தகரக் கூரையில் மழை வலுத்தது.

"தெளிவாத்தான் இருந்துச்சு," என்றார்.

அவள் விரலில் ஒட்டிய திருநீற்றைத் துடைத்தாள்.

"கையைக் காட்டினா. பின்னாடி ரெண்டு சீட்டு காலி. தொப்பலா நனைஞ்சுட்டு நிக்கறாளே, ஏத்தினா சீட்டெல்லாம் ஈரமாகிப் போயிடும்னு..."

அதற்கு மேல் முடியவில்லை. துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்நெஞ்சக்காரி, சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்தாள்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. புதுக் காயில். துவாரம் சுத்தம். நனைந்த கார்ப்பெட்டை உரித்து வெளியே போட்டிருந்தாள். என்ஜினைப் போட்டதும் வெதுவெதுப்பான காற்று கண்ணாடியில் ஏறியது. இருந்த கொஞ்ச மூட்டமும் விலகியது.

"சரியாப் போச்சா அம்மணி?"

"ஓட்டிப் பார்த்தாத்தானுங்க தெரியும்."

இருவரோடும் வேன் மலை ஏறியது. பதினேழாம் வளைவு. பதினெட்டு. ரோட்டில் மேகம் இறங்கியிருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"இன்னைக்கு இருக்க மாட்டா," என்றார் நாச்சிமுத்து. யாரும் கேட்காமலே சொன்னார்.

பத்தொன்பது.

நின்றிருந்தாள். தலையில் பிளாஸ்டிக் சாக்கு. கை நீட்டியிருந்தது.

நாச்சிமுத்துவின் கை தானாகவே துடைக்கிற துணியை எடுத்தது. தேய்த்தார். காய்ந்த கண்ணாடி கிறீச்சிட்டது.

"அம்மணி, இன்னும் தெளியலையே!"

"தெளிஞ்சிருச்சுங்ணா."

அவர் கால் பிரேக்கைத் தேடிப் பிடித்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக வேன் அங்கே நின்றது.

வசந்தமணி இறங்கிப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. வெளியே மேகத்தைத் தவிர எதுவும் இல்லை.

வேன் ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து நிமிர்ந்தது.

அவள் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மூச்சைப் பிடிங்க."

இருவரும் பிடித்தார்கள்.

முன் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. நாச்சிமுத்து மேலே இருந்த கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தார். காலி சீட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை. சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

அவர் கை கதவுப் பிடிக்குப் போனது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு முழுசாகப் பின்னால் திரும்பினார்.

"சீட்டு நனைஞ்சா நனையட்டும். நல்லா உக்காரு தாயி," என்றார். "எங்க இறங்கணும்?"