வலது ஓரத்துல பொண்ணு வீடு

"டீச்சர், இந்த ஒரு வரி என்னைக் கொல்லுது."

சொன்னது முத்துக்காளை. வயசு அம்பத்திரண்டு. முப்பது வருசமா ஆட்டோ ஓட்டினவரு, இப்ப ஒரு அச்சுக்கடையில சேந்து கம்ப்யூட்டர்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கத்துக்கறாரு. இன்னமும் திரும்பறதுக்கு முன்னாடி கையை வெளிய நீட்டுவாரு.

கடையில சொல்லிக் குடுக்கிற டீச்சர் ஜெனோவாவுக்கு இருபத்திநாலு. வாயில முறுக்கு.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"இடது ஓரத்துல மாப்பிள்ளையோட தாய்மாமன் பேரு. அதே வரியில, வலது ஓரத்துல பொண்ணோட அப்பா பேரு. ஸ்பேஸ் பாரை டக்கு டக்கு டக்குனு நாப்பது தட்டு தட்டி அப்பாவை ஓரத்துல கொண்டு போய் நிறுத்துறேன். ஒடனே தாய்மாமன் தொண்டையைக் கனைக்கிறாரு. 'க்கும்... நம்ம பேருக்கு முன்னாடி கவுன்சிலர்னு போட்ருங்க.' போட்டா, பொண்ணோட அப்பா கீழ் வரியில போய் விழுறாரு."

"எத்தனை தடவை?"

"மூணு. இன்னொரு தடவை விழுந்தா பொண்ணோட அப்பா ஆர்டரை எதுத்த கடைக்குக் குடுத்துருவாராம். ஆர்டர் போனா மொதலாளி என்னையும் அனுப்பிருவாரு. மறுபடி ஆட்டோதான்."

மாமனும் பொண்ணோட அப்பாவும் செவத்துக்குச் செவம் கெடந்த கடை பெஞ்சுல, நட்ட நடுவுல ஒட்டி உக்காந்திருந்தாங்க.

"அப்பாவை வலது ஓரத்துக்கு அனுப்புங்க பாப்போம்"னா டீச்சர்.

முத்துக்காளை பேப்பர் கட்டுங்களைத் தூக்கிட்டு வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல சொருகினாரு. ஒண்ணு. ரெண்டு. ஆறு. பொண்ணோட அப்பா நகந்து நகந்து ஓரத்துக்குப் போய்ட்டாரு.

"எப்பூடி?" காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாரு முத்துக்காளை.

அந்த நேரம் பாத்து மாப்பிள்ளையோட அத்தை வந்தாங்க. நல்ல தாட்டியான உடம்பு.

"கொஞ்சம் தள்ளு தம்பி."

இடது பக்கத்துல ஒரே இடி. மாமன் கட்டைத் தள்ள, கட்டு கட்டைத் தள்ள, பொண்ணோட அப்பா முன்பக்கமா சறுக்கி தொம்முனு தரையில.

"யோவ்! பத்திரிகையில தள்ளுனது பத்தாதா?"

டீச்சர் அவரைத் தூக்கி விட்டா. பேப்பர் கட்டுங்களை எல்லாம் எடுத்துக் கீழ வச்சா.

"மாமா, நீங்க இந்தச் செவத்துல சாஞ்சுக்கங்க. அப்பா, நீங்க அந்தச் செவத்துல."

சாஞ்சாங்க. மாமன் பக்கத்துல அத்தை உக்காந்தாங்க. அத்தை பக்கத்துல அத்தை வீட்டுக்காரரு. அவர் பக்கத்துல அவங்களோட ரெண்டு துணிக்கடைப் பை.

பொண்ணோட அப்பா அசையவே இல்ல. கால் மேல கால் போட்டுக்கிட்டாரு. நடுவுல கெடந்த காலி எடம்தான் சுருங்குச்சு.

டீச்சர் அடுத்த முறுக்கை எடுத்தா.

முத்துக்காளை பெஞ்சையே பாத்துட்டு நின்னாரு. பொசுக்குனு கம்ப்யூட்டரைப் பாத்து ஒரே ஓட்டம்.

"அண்ணாச்சி, எங்க?"

"நான் தட்டித் தட்டிச் சொருகின நாப்பது கட்டு இன்னும் அந்த வரிக்குள்ள கெடக்கு டீச்சர்!"