ஏழாவது நரம்பு, வீரவநல்லூர் வழி

"மேடம், முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பை நூறு தடவை படிச்சிட்டேன். நோயாளி முன்னாடி போனா வாயே திறக்க மாட்டேங்குது. இன்னைக்கும் ஃபெயிலானா ஆறு மாசம் போயிடும்."

டாக்டர் செண்பகவல்லி கையை நீட்டினார். மாணவி பிரிசில்லாவின் புத்தகத்தை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"வெளியே பெஞ்சில சுடலைமுத்துன்னு ஒரு கண்டக்டர் இருக்கார். போய்ப் பாரு. அரை மணியில வந்து கேட்பேன். அதுதான் பரீட்சை."

சுடலைமுத்துவுக்கு இரண்டு மாதமாக முகத்தின் இடப்பாதி அசையவில்லை.

"ஏழாம் நம்பரா, டாக்டரம்மா? உக்காருங்க. என்னை வச்சு முப்பது பேரு பாஸாயிட்டாங்க."

பிரிசில்லா உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

"சரி, நானே சொல்லுதேன். இந்த நரம்புக்குக் காதுக்குக் கீழ பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து அஞ்சு ஸ்டாப்பு. நெத்தி சேரன்மாதேவி, கண்ணு வீரவநல்லூர், கன்னம் கல்லிடை, உதடு அம்பை, கழுத்து பாபநாசம். இடப்பக்கம் ஒரு ஸ்டாப்புலயும் வண்டி நிக்காது. அப்படியே ஒப்பிச்சிருங்க."

அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே... விசில்?"

"அதான் போச்சே! காத்தெல்லாம் ஓரமா ஓடிருது. டிப்போவுல உக்கார வச்சுட்டாங்க. விசிலைத் தொட்டே ஒரு மாசமாச்சு." பிறகு அவளைப் பார்த்தார். "ஏன் டாக்டரம்மா, உங்ககிட்ட மொத்தமே ரெண்டு வார்த்தைதான் இருக்கா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பிரிசில்லா சட்டென்று முன்னால் குனிந்தாள்.

அதற்குள் மேடம் வந்துவிட்டார். "என்ன பார்த்தே?"

"இடப்பக்கம் முழுசா..." சுடலைமுத்து மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

"இல்லை, மேடம்." தன் குரல் இவ்வளவு பெரிது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "அம்பையில ஒருத்தர் இறங்கிட்டார்!"

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சிரிக்கும்போது இடது உதட்டோரம் அசைஞ்சது, மேடம். அண்ணே, ஊதுங்க."

"விளையாடாதீங்க, டாக்டரம்மா."

"ஊதுங்கண்ணே."

சட்டைப் பையிலிருந்து விசில் வந்தது. முதல் தடவை வெறும் காற்று. இரண்டாம் தடவை எச்சில். மூன்றாம் தடவை, கோழிக்குஞ்சு கத்தியதுபோல ஒரு கீச்.

சுடலைமுத்து விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி ஊதினார். மறுபடியும். சத்தம் கேட்டு ஆஸ்பத்திரிக் காவலாளி ஓடிவந்தார்.

பிரிசில்லா மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் இழுப்பறைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"ரைட்," என்றார்.