விட்டுப்போன தொட்டில் அடிகள்

"இனிமேல் முளைப்பாரிக் கும்மிக்கு நான் பாட்டெடுத்துக் கொடுக்கிறதா இல்லை அம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள் உடையாள்.

குருவம்மா வேதநாயகி அவளைவிட வயதில் இளையவர். பூச்சிகளைப் படித்துப் படித்து அதிலேயே சாமியைக் கண்டவர் என்று ஊரில் பேச்சு. மலையடிவாரத்துக் குடிலில் தனியே இருந்தார்.

என்ன நடந்தது என்று கேட்டார்.

நேற்றுக் கும்மியில், விதை விதைக்கிற அடியைப் பாடிவிட்டு, தொட்டில் அடிகளை மறந்து, நேரே மழை அடிக்குத் தாவிவிட்டாளாம். ஆத்தாளுக்குப் பாடுற பாட்டை அறுத்துப்போட்டாளே என்று பெண்கள் பேசினார்களாம். விரதப் பசியில் பாட்டையே முழுங்கிட்டா என்று ஒருத்தி கேலி வேறு. தன் தாயிடமிருந்து வந்த பாட்டெடுக்கும் உரிமையை இன்று வேறொருத்தி கையில் கொடுத்துவிடப் போகிறாளாம்.

குரு எழுந்தார். எருக்குழிப் பக்கம் போனார். இரண்டு காண்டாமிருக வண்டுகளைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் விட்டார்.

"கொம்பு நீண்டது ஆண். குட்டையானது பெண். இரண்டையும் இப்படிப் பிரித்து வளர்க்கிற எழுத்து உள்ளே ஒன்றுதான், அக்கா."

"ஒரே எழுத்தா?"

"ஒரே எழுத்து. மரபணு என்கிறார்கள். உடம்பு அதை முழுசாகப் படிப்பதில்லை. நடுவில் ஒரு துண்டை விட்டுவிட்டு, முன்னதையும் பின்னதையும் சேர்த்துக்கொள்ளும். ஆண் ஒரு துண்டை விடும். பெண் வேறொன்றை விடும்."

இத்தனூண்டு உயிருக்குள் இவ்வளவு வேலையா, தாயே, என்று உடையாள் மனசுக்குள் கும்பிட்டாள்.

"இப்படி விட்டுப் படிக்க இதுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு பூச்சிக்குள் படிப்பு தவறியிருக்கும்."

"தவறினா செத்துப்போகாதா?"

"எப்போதும் தவறினால் சாகும். இது பழையபடியே படித்துக்கொண்டு, என்றைக்கோ ஒரு தடவை தாவும். அதனால் பிழைத்துக் கிடக்கும். தாவினது பெரும்பாலும் வீண்தான். ஏதோ ஒன்று உதவிவிட்டால், பிள்ளை, பிள்ளைக்குப் பிள்ளை என்று தங்கிவிடும். அப்புறம் இரண்டு விதமாகவும் படிக்கத் தெரியும்."

வண்டு அவள் விரலில் ஏறிக்கொண்டிருந்தது.

"நேற்று நீங்கள் தாவினதும் கும்மி நின்றுபோனதா?"

நிற்கவில்லை. அப்போதுதான் உடையாளுக்குச் செண்பகவல்லி ஞாபகம் வந்தது.

கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள் அவள். வருஷாவருஷம் தொட்டில் அடி வந்ததும் வட்டத்தைவிட்டு விலகி, வேப்பமரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாள். நேற்று அவள் விலகவில்லை. வேர்க்க வேர்க்கக் கடைசிவரை கும்மி தட்டினாள்.

அதை உடையாள் குருவிடம் சொன்னாள்.

"அப்படியானால் அந்த அடிகள் வேண்டாம். எடுத்துவிடுங்கள்" என்றார் குரு.

உடையாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எப்படிம்மா எடுக்கிறது? தவமிருந்து பெத்தவ ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வருவாளே. தொட்டில் பாடாம அவளை எப்படி அனுப்ப?"

ஊருக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. வண்டுகளை மண்ணில் இறக்கிவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இன்றைக்கு எப்படிப் பாடப்போகிறீர்கள், அக்கா?"

"இங்கே இருந்துக்கிட்டு எப்படிம்மா சொல்றது? போய், வட்டத்துல யார் யார் நிக்கிறாங்கன்னு பார்க்கணும்."