கூண்டில் பன்னிரண்டு எலிகள்

மருந்து ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவள் இசக்கியம்மாள். பேராசிரியர் தணிகாசலத்தின் புது மருந்தைத் தின்ற பன்னிரண்டு எலிகளில் நான்கு செத்துப்போயின. மறுநாள் காலையில் பார்த்தால், கூண்டில் மறுபடியும் பன்னிரண்டு! அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒன்றுகூடச் சாகவில்லை என்று குழுவிடம் சொல். மாற்றிச் சொன்னால் உன் வேலை போய்விடும்" என்றார் தணிகாசலம். குழு அனுமதித்தால் அடுத்த மாதமே அந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள்.

குழு வந்தது. தலைவர் கையெழுத்திடப் பேனாவைத் திறந்துகொண்டு ஆய்வுக் கோப்பைப் புரட்டினார்.

"பன்னிரண்டும் ஆண் எலிகள் என்று எழுதியிருக்கிறதே. எல்லாம் நலமா, அம்மா?"

"ரொம்ப நலம், ஐயா! சாருடைய மருந்துக்கு அவ்வளவு சக்தி. அதில் ஒன்று நேற்று ஆறு குட்டி போட்டிருக்கிறது."

தலைவர் குனிந்து கூண்டைப் பார்த்தார். நிமிர்ந்து தணிகாசலத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.